போர்கி அண்ட் பெஸ்: ‘சம்மர்டைம்’ பாடுகிற அந்த அம்மாவுக்கு என்ன ஆகிறது?

#1 கடலோரக்காற்று

இந்தக் குழுவில் ‘சம்மர்டைம்’ கேட்காதவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாம் குக், ஜானிஸ் ஜாப்ளின் என்று யார் குரலிலாவது காதில் விழுந்திருக்கும். நானும் பத்துப் பன்னிரண்டு வருடமாக அதை ஒரு சுகமான கோடைப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம்தான் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன், மூன்று மணி நேரம், வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிட்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்குக் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகம், அங்கே கேட்ஃபிஷ் ரோ என்று ஒரு பழைய மாளிகை. ஒரு காலத்தில் பணக்கார வெள்ளையர் வாழ்ந்த இடம், இப்போது அறைக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. திரை விலகிய கொஞ்ச நேரத்தில் கிளாரா என்ற இளம்பெண் கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுகிற தாலாட்டுதான் சம்மர்டைம். உன் அப்பா பணக்காரர், அம்மா அழகி, நாங்கள் பக்கத்தில் இருக்கும்வரை உனக்கு ஒரு கெடுதலும் வராது என்கிறாள். அப்பா ஜேக் பணக்காரனே கிடையாது, படகில் போய் மீன் பிடிக்கிறவன். அன்று இரவே அதே முற்றத்தில் தாயக்கட்டைச் சூதில் சண்டை வந்து ராபின்ஸ் என்பவன் கொல்லப்படுகிறான். பிறகு புயலில் ஜேக்கின் படகு கவிழ்கிறது. கிளாரா குழந்தையை, போர்கி என்ற ஊனமுற்ற பிச்சைக்காரனோடு அங்கே வாழும் பெஸ் என்ற பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுக் கணவனைத் தேடி ஓடுகிறாள், திரும்பி வரவில்லை. மூன்றாம் அங்கத்தில் அதே தாலாட்டை அதே குழந்தைக்கு பெஸ் பாடுகிறாள். கடைசியில் அவளும் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு நியூயார்க் போய்விடுகிறாள்.

குழந்தை ஒன்றுதான், தாலாட்டும் ஒன்றுதான், மடிதான் மாறிக்கொண்டே போகிறது. இது தெரிந்த பிறகு அந்த ‘கெடுதல் வராது’ என்ற வரியை எப்படிக் கேட்பது? கெர்ஷ்வின் அந்தத் தாலாட்டைத் திரும்பத் திரும்ப, சூதாட்டத்தின் நடுவிலும் புயலின் நடுவிலும்கூடக் கொண்டுவருகிறார். ஜாஸ் பாடகர்கள் அதைத் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அவை அருமையான பதிவுகள். ஆனால் பாட்டு மட்டும் மிஞ்சி, பாடினவள் மறந்துபோனாள் என்பது எனக்கு உறுத்துகிறது. நீங்கள் எந்தப் பதிவைக் கேட்கிறீர்கள், அதில் கிளாராவும், ராபின்ஸின் மனைவி செரீனாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று எழுதுங்கள்.

#2 பாட்டுப்பைத்தியம்

அண்ணா, நான் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும் பாடிய ஆல்பம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அது ஒரு கதை என்பதே எனக்கு இன்றுதான் தெரியும், உண்மையாகவே. ஓபரா குரல் எனக்கு ஒட்டுவதில்லை, சொல்லே புரியாமல் குரல் மட்டும் ஆடிக்கொண்டிருப்பது போல இருக்கும். எனக்கு எதில் தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள், முழு மூன்று மணி நேரத்தில் குதிக்கப் பயமாக இருக்கிறது.

#3 நூலகத்துப்பூனை

பைத்தியம், நீங்கள் தொடங்கிய இடம் நல்ல இடம்தான். 1957-இல் வெர்வ் கம்பெனிக்காக நார்மன் கிரான்ஸ் எடுத்தது, ரஸ்ஸல் கார்சியா இசைக்குழு ஏற்பாடு. அதில் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒருத்தியே கிளாரா, பெஸ், செரீனா, ஸ்ட்ராபெர்ரி விற்கிற பெண் எல்லாரையும் பாடுகிறாள். அதனால்தான் கதை தெரியாமல் போகிறது, நாலு பெண்களும் ஒரே குரலாகிவிடுகிறார்கள்.

இந்த ஓபராவின் ரெக்கார்டு வரலாறே தனிக்கதை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாவல் 1925, டூபோஸ் ஹேவர்ட் எழுதியது. அவர் சார்ல்ஸ்டன்காரர், வெள்ளையர், துறைமுகத்தில் பருத்திக் கணக்குப் பார்த்தவர். 1927-இல் அவரும் மனைவி டோரதியும் அதை நாடகமாக்கினார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைக்க, ஹேவர்டும் ஜார்ஜின் அண்ணன் ஐராவும் பாட்டு எழுத, 1935 செப்டம்பர் 30-இல் பாஸ்டனில் வெள்ளோட்டம், அக்டோபர் 10-இல் நியூயார்க் ஆல்வின் தியேட்டரில் அரங்கேற்றம். பாஸ்டனில் நேரம் மிக நீண்டுவிட்டதால் நிறைய வெட்டினார்கள். ஆரம்பத்தில் வரும் ஜாஸ்போ பிரவுன் பியானோ போனது, போர்கியின் கழுகுப் பாட்டு போனது. நியூயார்க்கில் 124 காட்சிகள்தான் ஓடியது, போட்ட பணம் திரும்பவில்லை.

இப்போது ரெக்கார்டுக்கு வருகிறேன். அரங்கேறிய அதே அக்டோபரில் விக்டர் கம்பெனி முக்கியமான பாட்டுகளைப் பதிவு செய்தது, கெர்ஷ்வினே மேற்பார்வை. ஆனால் பாடினது யார்? லாரன்ஸ் டிப்பெட்டும் ஹெலன் ஜெப்சனும், மெட்ரோபாலிட்டன் ஓபராவின் வெள்ளைப் பாடகர்கள். மேடையில் ஒவ்வொரு இரவும் போர்கியாக நின்ற டாட் டங்கனும் பெஸ்ஸாக நின்ற ஆன் பிரவுனும் அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் குரல் தட்டில் வர 1940 ஆனது, டெக்கா கம்பெனி எடுத்தது. ஐந்து வருடம். அதற்குள் 1937 ஜூலையில் கெர்ஷ்வின் 38 வயதில் இறந்தே போனார். டங்கனும் பிரவுனும் பாடி வந்த தட்டை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஒரே ஆறுதல், 1935 ஜூலையில் நடந்த ஒத்திகை ஒன்றின் பதிவு மிஞ்சியிருக்கிறது. முதல் கிளாராவான ஆபி மிட்செல் பாட, கெர்ஷ்வின் நடத்துகிறார். சத்தம் கரகரவென்று இருக்கும். ஆனால் சம்மர்டைம் பாட்டு எந்த வாயில் முதலில் பிறந்ததோ அந்த வாய் அது.

#4 வெண்கலக்குரல்

பூனை அண்ணா சொன்ன 1940 டெக்கா தட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் குரல் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். ஆன் பிரவுன் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாணவி. கறுப்பினப் பாத்திரங்களை வைத்து ஓபரா எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு கெர்ஷ்வினுக்குக் கடிதம் எழுதிப் போனவர். ஸ்பிரிச்சுவல், அதாவது கறுப்பினரின் பக்திப் பாட்டு, பாடு என்று கேட்டதும் முதலில் அவருக்குக் கோபம் வந்ததாம், கறுப்பு என்றால் அதுதான் பாட வேண்டுமா என்று. பிறகு பக்கவாத்தியம் இல்லாமல் ஒன்று பாடியிருக்கிறார். அவருக்காகவே பெஸ் பாத்திரம் பெரிதாகி, ‘போர்கி’ என்று இருந்த பெயர் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஆனது. மூன்றாம் அங்கத்தில் பெஸ் சம்மர்டைம் பாடுவதும் அவர் கேட்டு வாங்கியதுதான்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த ஓபராவின் உயிர்ப்பாட்டு சம்மர்டைம் கிடையாது, செரீனா பாடும் ‘மை மேன்ஸ் கான் நவ்’. கொல்லப்பட்ட ராபின்ஸின் மனைவி அவள். பிணம் நடுக்கூடத்தில் கிடக்கிறது, மார்பின் மேல் ஒரு தட்டு, வருகிறவர்கள் அடக்கச் செலவுக்குச் சில்லறை போடுகிறார்கள். காசு சேரவில்லை என்றால் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த இடத்தில் பாடுகிறாள். நம்முடைய சொல்லில் சொன்னால் ஒப்பாரிதான். மூன்று தட்டுத் தாளத்தில், கிட்டத்தட்ட தொட்டில் ஆடுகிற மாதிரி போகிறது, படியில் இனி அவன் காலடி கேட்காது என்கிறாள், கடைசியில் சொல்லே இல்லாமல் குரல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை அழகாகப் பாடினால் கெட்டுப்போகும். அழுதுகொண்டே பாடினாலும் சுருதி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முதல் செரீனாவான ரூபி எல்சி நின்றிருக்கிறார். 1937 செப்டம்பரில் ஹாலிவுட் பௌலில் நடந்த கெர்ஷ்வின் அஞ்சலிக் கச்சேரியில் அவர் பாடியது பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 1943-இல், 35 வயதில், ஒரு அறுவைசிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார்.

பைத்தியம் தம்பி, ஓபரா குரல் ஒட்டவில்லை என்றால் இந்தப் பாட்டில் தொடங்குங்கள். சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

#5 செம்மண்

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளையர் ஒருவர் எழுதிய நாவல், வெள்ளையர் எழுதிய பாட்டு, நியூயார்க் யூதர் ஒருவர் போட்ட இசை. இதில் வரும் கறுப்பின மனிதர்கள் யார் என்று பாருங்கள். பிச்சை எடுக்கும் ஊனமுற்றவன், குடிகாரக் கொலைகாரன், கொக்கெய்ன் விற்கிறவன், யார் கூப்பிட்டாலும் போய்விடுகிற பெண், சூது, கத்தி, மூடநம்பிக்கை. ‘ஒன்றுமில்லாததே எனக்கு நிறைய’ என்று ஏழை சந்தோஷமாகப் பாடுகிறான். 1935-இல் பெருமந்தத்தின் நடுவில், தெற்கில் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்றுகொண்டிருந்த நாட்களில், யாருக்கு ஆறுதலான பாட்டு அது? கறுப்பினப் பாடகர் குழு நடத்திய ஹால் ஜான்சன் அப்போதே இது கறுப்பர்களின் ஓபரா கிடையாது, கறுப்பர்களின் ஓபரா எப்படி இருக்கும் என்று கெர்ஷ்வின் நினைத்தாரோ அதுதான் என்ற பொருளில் எழுதினார். பிறகு இதைப் படமாக எடுத்தபோது, கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே அதில் நடிக்கவே மறுத்துவிட்டார்.

இன்னொன்று. ஸ்காட் ஜாப்ளின் என்ற கறுப்பின இசையமைப்பாளர் 1911-லேயே ‘ட்ரீமொனிஷா’ என்று ஒரு ஓபரா எழுதித் தன் சொந்தக் காசில் அச்சிட்டார். படித்த ஒரு கறுப்பினப் பெண் தன் ஊருக்கே தலைமை ஏற்கிற கதை. அவர் 1917-இல் இறக்கும்வரை யாரும் அதை முறையாக மேடையேற்றவில்லை. முழு மேடை 1972-இல்தான் கிடைத்தது. ‘ஃபோக் ஓபரா’, மக்களின் ஓபரா, என்று கெர்ஷ்வின் பெயர் வைத்தாரே, அந்த மக்களே எழுதினது ஐம்பது அறுபது வருடம் பெட்டியில் கிடந்தது. அதையும் சேர்த்துப் பேசாமல் எந்தப் பதிவு நல்ல பதிவு என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

#6 கடலோரக்காற்று

செம்மண் தோழர், கோபம் எதற்கு, நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் நான் ஒத்துக்கொள்கிறேன். ட்ரீமொனிஷா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தேடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த ஓபராவில் வெள்ளையர் பாத்திரங்கள் யாரும் பாடுவதில்லை, கவனித்தீர்களா? போலீஸ்காரனும் துப்பறிகிறவனும் பேசத்தான் பேசுவார்கள், அதட்டுவார்கள், ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் முற்றத்தில் கால் வைத்ததும் இசை நின்றுவிடுகிறது, எல்லோரும் கதவைச் சாத்துகிறார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் போன பிறகுதான் பாட்டு திரும்புகிறது. தனிப்பாட்டு ஆல்பம் எதிலும் இது கிடைக்காது. அந்த மௌனத்தை எழுதினவருக்குச் சில விஷயம் புரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1936 மார்ச். வாஷிங்டனில் நேஷனல் தியேட்டரில் நடக்க வேண்டும், அங்கே கறுப்பர்களுக்கு டிக்கெட் கிடையாது. நான் டிக்கெட் வாங்க முடியாத தியேட்டரில் நான் பாட மாட்டேன் என்று டாட் டங்கனும் ஆன் பிரவுனும் நின்றுவிட்டார்கள். தனிக் காட்சி வைக்கிறோம், மாடியில் இடம் தருகிறோம் என்றெல்லாம் பேரம் பேசியும் மசியவில்லை. கடைசியில் எல்லா இருக்கையும் எல்லோருக்கும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அந்தக் காட்சிகள் முடிந்ததும் தியேட்டர் பழைய வழிக்கே போனது, அது வேறு. ஆனாலும் அந்த ஓபராவுக்குள் இருந்தவர்கள் வெறும் பொம்மைகள் இல்லை.

#7 தெற்குக்கரை

நான் தெற்குக் கரோலினாவில்தான் எட்டு வருடமாக இருக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேட்ஃபிஷ் ரோ உண்மையில் கேபேஜ் ரோ, சார்ல்ஸ்டனில் சர்ச் தெருவில் இன்றும் இருக்கிறது. முட்டைக்கோஸ் காய்கறி எல்லாம் சன்னல் திண்டில் வைத்து விற்றதால் அந்தப் பெயர். இப்போது போனால் சுத்தமான சின்ன முற்றம், கடைகள், சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் இருந்த யாரும் அந்தத் தெருவில் இன்று வாடகை கொடுக்க முடியாது. சாமுவேல் ஸ்மால்ஸ் என்று ஆட்டு வண்டியில் போகும் ஒருவர் நிஜமாகவே அந்த ஊரில் இருந்தார், அவரைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த ஒரு சின்னச் செய்தியிலிருந்துதான் ஹேவர்ட் போர்கியை உருவாக்கினார்.

1934 கோடையில் கெர்ஷ்வின் ஃபாலி தீவில் வந்து தங்கினார். மணல், கொசு, பியானோ. பக்கத்து ஜேம்ஸ் தீவில் கல்லா என்ற கறுப்பின மக்களின் ஆராதனைக் கூட்டங்களுக்குப் போனார், கையும் காலும் தட்டிப் பாடுகிற ‘ஷவுட்’ பாட்டில் தானும் சேர்ந்துகொண்டு அந்த ஊர்க்காரருக்கு இணையாகத் தட்டினார் என்று ஹேவர்ட் எழுதியிருக்கிறார். புயல் காட்சியில் ஆறு பேர் ஆறு ஜெபத்தை ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமல் பாடுவார்களே, அதுகூட ஹெண்டர்சன்வில் பக்கத்தில் ஒரு ஜெபக்கூடத்தின் வாசலில் நின்று அவர் காதால் கேட்டதுதான்.

ஆனால் கேட்டது ஒரு கோடைக்காலம். கல்லா மக்கள் அந்தத் தீவுகளில் இருநூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறார்கள். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று மேற்கு ஆப்ரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களின் வாரிசுகள். அவர்கள் பேச்சை உடைந்த ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930-களின் தொடக்கத்தில் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போனார். கெர்ஷ்வின் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே கடற்கரை. 1949-இல் புத்தகம் போட்டார், ஆயிரக்கணக்கான சொற்கள் ஆப்ரிக்க மொழிகளிலிருந்து வந்தவை என்று காட்டினார்.

அவர் பதிவுகளில் ஒன்று இந்த இழைக்காகவே எடுத்த மாதிரி இருக்கிறது. ஜார்ஜியாவில் ஹாரிஸ் நெக் என்ற இடத்தில் அமீலியா டாலி என்ற பெண் ஒரு பாட்டுப் பாடுகிறார். பொருள் அவருக்கே தெரியாது, அம்மாவிடம் கேட்டுக் கற்றது. அது மெண்டே மொழி. பிற்பாடு ஆய்வாளர்கள் தேடிக்கொண்டு போனதில், சியரா லியோனில் ஒரே ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு அதே பாட்டு தெரிந்திருந்தது. இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது பெண்கள் பாடுவது. 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மொரான் அந்தக் கிராமத்துக்கே போனார். அடிமைக் கப்பல், தோட்டம், மொழி மறந்தது எல்லாவற்றையும் தாண்டி, அம்மா மகளுக்கு, மகள் தன் மகளுக்கு என்று ஒரு ஒப்பாரி வந்து சேர்ந்திருக்கிறது.

வெண்கலக்குரல் அக்கா செரீனாவின் பாட்டை ஒப்பாரி என்று எழுதினதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. செரீனாவைக் கேட்டுவிட்டு அமீலியாவையும் கேளுங்கள். வாத்தியம் கிடையாது, ஒரு பெண்ணின் குரல் மட்டும்.

#8 செம்மண்

தெற்குக்கரை, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் கேட்க நினைத்ததும் இந்தக் குரலைத்தான், பெயர் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

#9 ஊதுகுழல்

நான் டிரம்பெட் ஆள், எனக்கு இந்த ஓபரா என்றால் டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸும் இசைக்குழு ஏற்பாடு செய்த கில் எவான்ஸும் சேர்ந்து எடுத்த ஆல்பம்தான். 1958 ஜூலை ஆகஸ்டில் நாலு நாள் பதிவு, அடுத்த வருடம் தட்டு வந்தது. பாட்டே கிடையாது, ஒரு சொல்கூட இல்லை. கடலோரக்காற்று கேட்ட கேள்வி எனக்குப் புரிகிறது, ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் பாடினவள் மறைந்துவிடுவாள் என்பதை நான் ஏற்கவில்லை. அந்த சம்மர்டைமைக் கேளுங்கள். டிரம்பெட் வாயில் ஹார்மன் மியூட் என்ற அடைப்பான் போட்டு, மிகக் குறைந்த சுரத்தில், குழந்தை தூங்கிவிடுமோ விழித்துவிடுமோ என்கிற மாதிரி ஊதுகிறார். பின்னால் வாத்தியங்கள் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன, தொட்டில் கயிறு இழுக்கிற மாதிரி. ‘ப்ரேயர்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் மைல்ஸ் ஜெபம் சொல்கிறவர், மொத்தக் குழுவும் சபை. அவர் ஒரு வரி ஊத அவர்கள் ஆமென் சொல்கிறார்கள், மெல்ல மெல்ல ஏறி ஒரு கட்டத்தில் கத்தலாகிறது. தெற்குக்கரை சொன்ன ஜெபக்கூட வாசல் அதில் அப்படியே இருக்கிறது.

கில் எவான்ஸ் கெர்ஷ்வின் எழுதின வரிசையையும் மதிக்கவில்லை, காட்சிகளை மாற்றிப் போட்டார், ‘கான்’ என்று தானே ஒன்றை எழுதிச் சேர்த்தார். ராபின்ஸின் அடக்கப் பாட்டிலிருந்து எடுத்ததுதான், ஆனால் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸில் அடிக்கிற அடியைக் கேட்டால் துக்கத்தைவிட ஆத்திரம்தான் தெரியும். கதையை விட்டுவிட்டுக் கதைக்குள் போன ரெக்கார்டு அது.

#10 பாட்டுப்பைத்தியம்

ஒரே நாளில் இவ்வளவா! படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சந்தேகம், படமும் வந்தது என்று செம்மண் எழுதினாரே, அது எங்கேயும் கிடைக்கவில்லையே? நீனா சிமோன் ‘ஐ லவ்ஸ் யூ போர்கி’ பாடியதும் படத்தில்தானா?

#11 நூலகத்துப்பூனை

நீனா சிமோன் படத்தில் இல்லை. அவருடைய முதல் ஆல்பத்தில் பாடியது, 1959-இல் தட்டாக வந்து அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் போனது, அங்கே அவருக்கு அப்படிப் போன ஒரே பாட்டு அது. முழு ஓபராவில் அதைக் கேட்டால் இன்னும் வலிக்கும், பழைய ஆள் கிரவுன் வந்து கூப்பிட்டால் என்னால் மறுக்க முடியாது, என்னை விட்டுவிடாதே என்று பெஸ் போர்கியைக் கெஞ்சுகிற இடம். நீனா அதைக் கிட்டத்தட்ட பேசுகிற மாதிரிப் பாடிவிடுகிறார்.

படம் 1959, சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கம். சிட்னி பாய்ட்டியே போர்கி, டோரதி டாண்ட்ரிட்ஜ் பெஸ். இரண்டு பேர் பாட்டும் இரவல். அவருக்கு ராபர்ட் மெக்ஃபெரின், அவளுக்கு அடேல் ஆடிசன். இந்த மெக்ஃபெரின்தான் 1955-இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடிய முதல் கறுப்பின ஆண் பாடகர், ‘டோன்ட் வொர்ரி’ பாபி மெக்ஃபெரினின் அப்பா. சாமி டேவிஸ் ஜூனியர் படத்தில் பாடுகிறார், ஆனால் வேறு கம்பெனி ஒப்பந்தம் இருந்ததால் படப்பாடல் தட்டில் அவர் குரலுக்குப் பதில் கேப் கேலோவே. படத்தைப் பல பத்தாண்டுகளாகக் கெர்ஷ்வின் தரப்பு வெளியே விடவில்லை, அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் படம் பெரிய ஈடுபாடு இல்லை, தள்ளிப்போகலாம்.

நல்ல முழுப் பதிவு என்றால் மூன்று சொல்வேன். 1951 கொலம்பியா, கேமில்லா வில்லியம்ஸும் லாரன்ஸ் வின்டர்ஸும், ஏறக்குறைய முழு ஓபரா முதல் தடவையாகத் தட்டில் வந்தது அப்போதுதான். அடுத்தது 1970-களின் நடுவில் லோரின் மாசெல் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவோடு வெட்டே இல்லாமல் எடுத்தது, வில்லர்ட் வைட்டும் லியோனா மிட்செலும். அப்புறம் 1976 ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா, கிளாமா டேல், டானி ரே ஆல்பர்ட். இது மேடையில் ஓடி ஓடிப் பழகின கூட்டம், கோரஸே ஒரு ஊர் மாதிரி இருக்கும். அதே கம்பெனிதான் அதற்கு முந்தைய வருடம் ட்ரீமொனிஷாவையும் போட்டது, செம்மண் கவனிக்கவும், அதற்கும் ரெக்கார்டு இருக்கிறது.

#12 வெண்கலக்குரல்

சைமன் ராட்டில் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் நடத்திவிட்டு 1988-இல் எடுத்த பதிவை விட்டுவிட்டீர்களே அண்ணா! அதிலும் வில்லர்ட் வைட்தான், பெஸ் சிந்தியா ஹேமன். எனக்கு அதுதான் முதல் இடம். வேகம் கொஞ்சம் நிதானம், ஆனால் சொற்கள் தெளிவு, பைத்தியம் தம்பிக்கு அதுதான் பொருந்தும்.

செம்மண் எழுப்பினதற்குப் பாடகர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் போட்டால் கறுப்பினப் பாடகர்களைத்தான் போட வேண்டும் என்பது கெர்ஷ்வின் குடும்பத்தின் நிபந்தனை. அதனால் பல பேருக்கு முதல் வாய்ப்பு இதில்தான் கிடைத்தது. லியோன்டைன் பிரைஸ் 1952-இல் பெஸ்ஸாக ஊர் ஊராகப் போனவர், 1961-இல் மெட்ரோபாலிட்டனில் வெர்டியின் ஓபராவில் பாடினார். எழுத்தாளர் மாயா ஆஞ்சலூகூட இதே நாடகக் குழுவோடு ஐரோப்பா போய் ஆடிப் பாடியவர்தான். ஆனால் அதே நிபந்தனையே விலங்காகவும் ஆனது. கறுப்பினப் பாடகர் என்றால் போர்கிக்கு மட்டும் கூப்பிடுவது, மற்ற ஓபராவுக்குக் கூப்பிடாதது. மெட்ரோபாலிட்டன் இதை முதன்முதலில் போட்டது 1985-இல், ஐம்பது வருடம் கழித்து. அங்கே பெஸ் பாடிய கிரேஸ் பம்ப்ரிக்கு இந்தப் பாத்திரத்தில் மனசே இல்லை, நாங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டு மறுபடியும் இங்கேயா என்று வெளிப்படையாகவே சொன்னவர். பாடவும் பாடினார், மறைக்கவும் இல்லை. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

#13 தெற்குக்கரை

சார்ல்ஸ்டனில் இது எப்போது மேடையேறியது தெரியுமா? 1970. தன் ஊரைப் பற்றிய ஓபராவைப் பார்க்க அந்த ஊருக்கு 35 வருடம் ஆனது. 1954-இல் ஒரு முயற்சி நடந்து, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரச் சட்டம் விடாததால் நின்றுபோனது. டென்மார்க்கில் நாஜிகள் ஆக்கிரமித்திருந்த 1943-லேயே கோபன்ஹேகனில் போட்டுவிட்டார்கள், முழுக்க டேனிஷ் பாடகர்களை வைத்து.

செம்மண், நீங்கள் கேட்ட ‘அவர்களே எழுதினது’ இப்போது அதே சார்ல்ஸ்டனிலிருந்து வந்திருக்கிறது. ரியானன் கிடன்ஸும் மைக்கேல் ஏபல்ஸும் எழுதிய ‘ஓமர்’, 2022-இல் ஸ்போலெட்டோ கலைவிழாவில் அரங்கேற்றம், அடுத்த வருடம் இசைக்கான புலிட்சர் பரிசு. ஓமர் இப்னு சயீத் என்ற மேற்கு ஆப்ரிக்க இஸ்லாமிய அறிஞர் 1807-இல் அடிமையாக சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கின கதை, அவரே அரபியில் எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றிலிருந்து. நான் நேரில் பார்த்தேன். கேட்ஃபிஷ் ரோவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அடிமைச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்து அந்த வழியாக நடக்க எனக்குக் கால் வரவில்லை.

#14 செம்மண்

ட்ரீமொனிஷா ஹூஸ்டன் பதிவு கிடைத்துவிட்டது. கடைசியில் வரும் ‘எ ரியல் ஸ்லோ டிராக்’ நடனப் பாட்டை இரண்டு நாளாக விடாமல் கேட்கிறேன். போர்கியின் மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை. ஆனால் ரூபி எல்சியையும் கேட்டேன் அக்கா. கோபத்தோடேயே கேட்டேன், அழுகை வந்தது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

#15 பாட்டுப்பைத்தியம்

நேற்று ராட்டில் பதிவை முழுசாகக் கேட்டேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு இரவு பத்து மணிக்குத் தொடங்கினது, முடியும்போது ஒன்றரை. ஓபரா குரல் முதல் இருபது நிமிடம் தொந்தரவாக இருந்தது, ராபின்ஸின் மார்பில் தட்டு வைத்த காட்சிக்கு அப்புறம் குரல் என்பதே மறந்துவிட்டது. சூதாட்டத்தின் நடுவில், எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது, கிளாரா மறுபடியும் அந்தத் தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டு குழந்தையோடு நடப்பதைக் கேட்டதும் நிறுத்திவிட்டுப் பின்னால் போய் இரண்டு தடவை கேட்டேன். புயலில் அவள் பாடும்போது அதற்கு மேல் கேட்கவே பயமாக இருந்தது, அண்ணா கதையை முன்னாலேயே சொல்லிவிட்டதால்.

காலையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் போட்டுப் பார்த்தேன். அதே தட்டுதான், ஆனால் இப்போது எந்தப் பாட்டு யார் பாடுவது என்று தெரிகிறது. ஸ்ட்ராபெர்ரிக்காரிகூட எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தாள்.

பூனை அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ஜாஸ்போ பிரவுன் பியானோவை இன்னொரு ஆள் கையிலும் கேட்க வேண்டும், எதில் இருக்கிறது?

#16 நூலகத்துப்பூனை

மாசெல் பதிவில் முழுசாக இருக்கிறது. முதல் தட்டு, முதல் பக்கம், முன்னுரை முடிந்தவுடன். பியானோவும் கோரஸும் ஓய்ந்ததும் கிளாரா வருவாள்.